தூக்காமல் நகர்த்துங்கள்: நோயாளியை இடம் மாற்றும் பாதுகாப்பான முறைகள்

70 கிலோ எடையுள்ள ஒருவர் அசைவின்றிப் படுத்திருக்கும்போது, கட்டுப் போடுவதற்காக அவருடைய ஒரு காலை மட்டும் உயர்த்திப் பிடித்திருக்கும் செவிலியரின் கைகளில் ஏறத்தாழ 11 கிலோ எடை இருக்கிறது. ஒரு காலின் எடை உடல் எடையில் சுமார் 16 விழுக்காடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், முழு உடலையும் இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கும். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் தொழிற்கூடங்களில் பெட்டிகளைத் தூக்குவதற்கு வகுத்த கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடை 23 கிலோ. அதே நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ், 2007ஆம் ஆண்டில் இந்தக் கணக்கை நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்து, அவர்களைக் கையால் தூக்குவதற்கான எல்லை ஏறத்தாழ 16 கிலோ என்று எழுதினார். அதுவும், நோயாளி நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு ஒத்துழைப்பவராகவும் திடீரென அசையாதவராகவும் இருந்தால் மட்டுமே பொருந்தும் எல்லை.

பெட்டிக்குக் கைப்பிடி உண்டு, நோயாளிக்கு இல்லை. பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கலாம். கட்டிலின் நடுவில் படுத்திருப்பவரை எட்டிக் குனிந்துதான் பிடிக்க முடியும். சுமை உடலிலிருந்து விலக விலக, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் மீது விழும் அழுத்தம் பெருகுகிறது. குனிந்தபடியே உடலைத் திருப்பினால் பாதிப்பு இன்னும் அதிகம். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பல முறைகளை அளந்து பார்த்தபோது, இருவர் சேர்ந்து செய்த முறைகளிலும் முதுகுக்குக் கணிசமான ஆபத்து இருப்பதைக் கண்டார்கள்.

செவிலியர் பயிற்சியில் நாங்கள் அனைவரும் கற்ற பாடம், முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, முறையாகத் தூக்கினால் ஒன்றும் ஆகாது என்பதே. அந்தப் பாடம் தவறன்று, ஆனால் போதாது. தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் பணியாளர்களின் முதுகுவலி குறைவதாக ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. முதுகுக்குக் கட்டிக்கொள்ளும் பெல்ட்டும் காயத்தைத் தடுப்பதாக உறுதிப்படவில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நோக்கத்தைச் சுற்றியது: நோயாளியின் எடை கூடுமானவரை மெத்தையின் மீதோ நாற்காலியின் மீதோ அவருடைய சொந்தக் கால்களின் மீதோ இருக்கட்டும்; உங்கள் கைகள் வழிகாட்டும் வேலையை மட்டும் செய்யட்டும். பிரிட்டனின் அரச செவிலியர் கல்லூரி 1996இலும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் செவிலியர் அமைப்பு 1998இலும், நோயாளிகளைக் கையால் தூக்குவதைத் தவிர்ப்பதையே கொள்கையாக முன்வைத்தன.

தொடுவதற்கு முன்

வார்டில் அவசரம் எப்போதும் இருக்கும். ஆயினும் நோயாளியைத் தொடுவதற்கு முன் செலவிடும் இரண்டு நிமிடங்களே பெரும்பாலான விபத்துகளைத் தவிர்க்கின்றன. கேஸ் ஷீட்டைப் பார்த்து, கால் ஊன்ற அனுமதி உண்டா, முதுகெலும்பு முறிவு இருக்கலாம் என்ற ஐயம் உண்டா, இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்ததா என்பவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, நேற்று அவர் செய்ததை நம்பாமல், இன்று, இந்த வேளையில் அவரால் என்ன முடியும் என்று சோதியுங்கள். தூக்க மாத்திரை கொடுத்த இரவும், டயாலிசிஸ் முடிந்து திரும்பிய மாலையும் அதே மனிதரை வேறொருவராக மாற்றிவிடும்.

சோதனை எளிது. கட்டிலின் விளிம்பில் பிடிமானமின்றி உட்கார்ந்து, கையை உடலின் குறுக்கே நீட்டி உங்கள் கையைப் பற்றிக் குலுக்க முடிகிறதா? உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டிப் பாதத்தை அசைக்க முடிகிறதா? முடிந்தால், உதவியோடு எழுந்து நிற்க முடிகிறதா? நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி எடுத்து வைக்க முடிகிறதா? முதல் கேள்விக்கே முடியாது என்ற விடை வந்தால், அவரை நிற்க வைத்து மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, சறுக்கி நகர்த்தும் வழியையோ, நோயாளியைத் தூக்கும் கருவியான லிஃப்டரையோ நாடுங்கள்.

அடுத்து, உடலோடு இணைந்துள்ள குழாய்கள். டிரிப், மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப், சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர், மார்புக் குழாய் ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகவே நகர்த்துவது நல்லது. முடியாவிட்டால் முதலில் அவற்றைத் தளர்த்தி மறுபக்கம் கொண்டுசெல்லுங்கள். கதீட்டரோடு இணைந்த வெளிப் பையான சிறுநீர்ப் பை, உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. மார்புக் குழாயின் பாட்டில் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். சிறுநீர்ப் பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியை இன்றும் பார்க்க நேர்கிறது. உள்ளே திரும்பும் சிறுநீர் கிருமியையும் கொண்டுசெல்லும்.

கட்டிலின் பிரேக்கைப் பூட்டுங்கள். உயரத்தை மாற்றக்கூடிய கட்டிலாக இருந்தால், படுத்திருப்பவரை நகர்த்தும்போது மெத்தை உங்கள் இடுப்பு மட்டத்தில் இருக்கட்டும். எழுந்து நிற்க வைக்கும்போது அவருடைய பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும் அளவுக்குத் தாழட்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை நோயாளியிடம் சொல்லுங்கள்; சுயநினைவில்லாதவரிடமும் சொல்லுங்கள். பலர் சேர்ந்து செய்யும்போது கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது மூன்றிலேயே நகர்த்துவதா, மூன்று சொல்லி முடித்த பிறகா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் முந்தி மற்றவர் பிந்தும் அந்த அரை நொடியில் முழு எடையும் ஒருவரின் முதுகில் இறங்கிவிடும்.

படுக்கையில் மேலே நகர்த்துதல்

ஒரு நாளில் அதிக முறை செய்யப்படும் வேலை இதுவே. அதிக முறை தவறாகச் செய்யப்படுவதும் இதுவே. நோயாளி ஏன் கீழே சறுக்குகிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும், முழங்கால் பகுதியை உயர்த்தாமல் தலைப்பகுதியை மட்டும் உயர்த்தியிருப்பார்கள். முதலில் முழங்கால் பகுதியைச் சற்று உயர்த்தி, அதன் பிறகு தலைப்பகுதியை உயர்த்தினால் சறுக்கல் வெகுவாகக் குறையும். உணவூட்டுதல் போன்ற தேவை இல்லாத நேரங்களில் தலைப்பகுதி 30 பாகைக்கு மேல் போகாமல் இருப்பது படுக்கைப்புண்ணையும் தடுக்கும்.

மேலே நகர்த்துவதற்கு, மருத்துவர் தடை சொல்லாத பட்சத்தில், தலைப்பகுதியைத் தட்டையாக்குங்கள். தலையணையை எடுத்துக் கட்டிலின் தலைச்சட்டத்தில் சாத்தி வையுங்கள். கால் பலமுள்ளவர் முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, நீங்கள் எண்ணும்போது தானே உந்தட்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலர் ஒரு காலாலேயே இதைச் செய்துவிடுவார்கள். அவர்களைக் கேட்காமலேயே தூக்கிவிடும் பழக்கம் அவர்களுடைய மீட்சியையும் தாமதப்படுத்துகிறது.

உந்த முடியாதவருக்கு இரண்டு விரிப்புகள் தேவை: தோள் முதல் தொடை வரை வரும் டிரா ஷீட் ஒன்று, அதற்குக் கீழே வழுக்கும் நைலான் ஸ்லைடிங் ஷீட் ஒன்று. நோயாளியை ஒரு பக்கம் ஒருக்களிக்கச் செய்து, பாதி சுருட்டிய விரிப்புகளை முதுகை ஒட்டி வைத்து, மறுபக்கம் திருப்பிச் சுருளை விரியுங்கள். இருவரும் இரு பக்கமும் நின்று, டிரா ஷீட்டின் விளிம்பை நோயாளியின் உடலை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, தலைமாட்டை நோக்கி நில்லுங்கள். எண்ணிக்கை வந்ததும் கைகளால் இழுக்காமல், உங்கள் உடல் எடையைப் பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு மாற்றுங்கள். கைகள் கொக்கிகளாக இருந்தால் போதும். விரிப்பு மெத்தையை விட்டு மேலே எழும்பினால் நீங்கள் தூக்குகிறீர்கள் என்று பொருள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று சிறு நகர்த்தல்களே மேல். முடிந்தவுடன் ஸ்லைடிங் ஷீட்டின் ஒரு முனையை உள்புறமாக மடித்து, அதன் மீதே அது வழுக்கும்படி இழுத்து எடுத்துவிடுங்கள். அதை அடியிலேயே விட்டுவைத்தால் நோயாளி கட்டிலிலிருந்து வழுக்கி விழக்கூடும்.

விரிப்பில்லாமல் இழுக்கும்போது தோலுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பும் தசையும் நகர்கின்றன. இடையில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு அடைபடுகின்றன. மேலே கீறல்கூடத் தெரியாது. நாட்கள் கழித்து வால் எலும்பின் மேல் கருத்துப்போய்த் திறக்கும் புண்ணுக்கு இப்படிப்பட்ட ஓர் இழுப்பும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஒருக்களிக்கச் செய்யும்போது எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் நின்று, தொலைவிலுள்ள முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து, உங்களை நோக்கித் திருப்புங்கள். கழுத்து அல்லது முதுகெலும்புக் காயம் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இந்த முறை கூடாது. தலையிலிருந்து கால் வரை உடல் ஒரே மரக்கட்டையைப் போலத் திரும்ப வேண்டும். அதற்குக் குறைந்தது நான்கு பேர் தேவை. தலையைப் பிடித்திருப்பவரே கட்டளையிட வேண்டும்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு

இடது கையும் காலும் செயலிழந்த, வலப்பக்கம் பலமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலில் அவரை ஒருக்களிக்கச் செய்து, கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். கால்கள் இறங்க இறங்க, தராசின் தட்டுப் போல உடலின் மேற்பகுதி எழும்பும்; தோள்பட்டையின் பின்புறத்தில் கைகொடுத்தால் போதும். உட்கார்ந்த உடனே எழுப்பிவிடாதீர்கள். நெடுநாள் படுத்திருந்தவருக்கு எழும்போது இரத்த அழுத்தம் சரியும். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்தபடி சில நிமிடங்கள் காத்திருங்கள். வெளிறிப் போனாலோ, வியர்த்தாலோ, பேச்சு தடைபட்டாலோ மீண்டும் படுக்க வையுங்கள்.

வீல்சேரை அவருடைய பலமான வலப்பக்கத்தில், கட்டிலோடு 30 முதல் 45 பாகைக் கோணத்தில் நிறுத்துங்கள். இரு பிரேக்குகளையும் பூட்டி, கால்வைக்கும் தட்டுகளை மடக்கவோ கழற்றவோ செய்யுங்கள். நோயாளியைப் பிடித்துக்கொள்ள உதவும் அகலப் பட்டையான கெயிட் பெல்ட்டை அவருடைய இடுப்பில் கட்டுங்கள். ஆனால் அண்மையில் வயிற்று அறுவைச் சிகிச்சை ஆனவர், வயிற்றில் குழாய் அல்லது கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் அமைத்த திறப்பு) உள்ளவர், விலா எலும்பு முறிந்தவர், கர்ப்பிணி ஆகியோருக்கு அது கூடாது. செயலிழந்த இடது கை தொங்காமல் மடியிலோ தூளியிலோ இருக்கட்டும்.

இடுப்பை முன்னுக்கு நகர்த்தி விளிம்புக்குக் கொண்டுவந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைக்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்பதன் சூட்சுமம் முன்னுக்குச் சாய்வதில் இருக்கிறது. மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும் வரை சாய்ந்தால், இடுப்பு தானாகவே மெத்தையை விட்டு இலகுவாகும். ஆனால் நாம் பெரும்பாலும் நோயாளிக்கு மிக நெருக்கமாக நேர் எதிரே நின்றுகொண்டு, சாய்வதற்கு இடமே கொடுக்காமல், மேல்நோக்கி இழுக்கிறோம். சற்று அவருடைய பலவீனமான பக்கமாக நின்று, உங்கள் முழங்காலால் அவருடைய இடது முழங்கால் மடங்காதபடி அணை கொடுங்கள். அவருடைய வலது கை மெத்தையை ஊன்றட்டும்; உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்க ஒருபோதும் விடாதீர்கள். அவர் தடுமாறினால் அந்த முழு எடையும் உங்கள் கழுத்தில் தொங்கும்.

மெல்ல முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி, மூன்றாவதில் எழுங்கள். நின்ற பிறகு ஒரு மூச்சு நேரம் நிலைகொள்ளட்டும். அவர் வலது கையால் வீல்சேரின் தொலைவிலுள்ள கைப்பிடியைப் பற்றி, சிறு அடிகளாக வைத்துத் திரும்பட்டும். உங்கள் பாதங்களும் சேர்ந்து திரும்ப வேண்டும், இடுப்பு மட்டும் முறுகக்கூடாது. முழங்காலின் பின்புறத்தில் இருக்கை தட்டுவதை அவர் உணர்ந்த பின்பே உட்கார வேண்டும்.

திரும்பக் கட்டிலுக்கு வரும்போது பலரும் வீல்சேரை அதே இடத்தில், அதே கோணத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் கட்டில் இப்போது அவருடைய இடப்பக்கம் இருக்கும். வீல்சேரை எதிர்த்திசையில் திருப்பி, மீண்டும் பலமான பக்கம் கட்டிலை நோக்கும்படி செய்யுங்கள். இடுப்பு மூட்டின் பின்புறமாக மாற்று அறுவைச் சிகிச்சை ஆனவருக்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு: இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக்கூடாது, கால் மேல் கால் போகக்கூடாது, அந்தக் கால் உட்புறமாகத் திரும்பக்கூடாது. அவரைத் தாழ்வான இருக்கையில் உட்கார வைக்காதீர்கள்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்குதல்

இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இதுதான் இயல்பான முறையாக இருக்கிறது. இருவர் இருபுறமும் நின்று, அக்குளில் கையை நுழைத்து, ஒரே தூக்கில் எழுப்புவார்கள். பணியில் சேர்ந்த புதிதில், பக்கவாதம் வந்த ஓர் அம்மாவை நானும் ஆயாம்மாவும் வாரக்கணக்கில் இப்படித்தான் எழுப்பினோம். தோள் வலிக்கிறது என்று அவர் தினமும் சொன்னார். நோயின் வலி என்றே எண்ணினோம். பக்கவாதத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிடுவதால், எலும்பு குழியிலிருந்து மெல்லக் கீழிறங்குகிறது. அப்படிப்பட்ட மூட்டில் உடல் எடையைத் தொங்கவிட்டது நாங்கள்தான் என்பது, இயன்முறை மருத்துவர் ஒருவர் விரலை வைத்து அந்தப் பள்ளத்தைக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவின் முகம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

தோள் மட்டுமன்று, அக்குள் வழியே கைக்குச் செல்லும் நரம்புகளும், முதியவர்களின் மெல்லிய தோலும் காயப்படுகின்றன. தூக்குபவரோ ஒரு பக்கமாக முறுகிய முதுகோடு சுமக்கிறார். செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும் இதே தீங்கைச் செய்யும். பிடிக்க வேண்டிய இடங்கள் இடுப்பும், பெல்ட்டும், தோள்பட்டை எலும்பின் பின்புறமும்தான்.

டிராலிக்கு மாற்றும்போது

பழைய பாடங்களில் இருந்த, மூன்று பேர் ஒரே பக்கம் நின்று நோயாளியைக் கைகளில் ஏந்திச் செல்லும் முறையை இனி செய்ய வேண்டாம். டிராலியைக் கட்டிலோடு இடைவெளியின்றி ஒட்டி நிறுத்தி, இரண்டின் பிரேக்கையும் பூட்டி, டிராலி சற்றே தாழ்வாக இருக்கும்படி செய்யுங்கள். நோயாளியை ஒருக்களித்து, டிரா ஷீட்டுக்கு அடியில், சறுக்கி நகர்த்த உதவும் பலகையான டிரான்ஸ்ஃபர் போர்டைச் செருகி, இடைவெளியின் மேல் பாலமாக வையுங்கள். நான்கு பேர் இருந்தால் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர், இரு பக்கமும் ஒவ்வொருவர். முதலில் விளிம்பு வரை, பிறகு டிராலியின் நடு வரை என்று இரண்டு கட்டமாகச் சறுக்குங்கள். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுத் தியேட்டரிலிருந்து வருபவருக்குக் கால்களில் உணர்ச்சி இராது; கால் டிராலிக்கு வெளியே தொங்கினாலும் அவருக்குத் தெரியாது. கால்களைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

லிஃப்டர் உள்ள இடங்களில் அதன் தாங்கு எடையையும், நோயாளியைத் தாங்கும் துணியான ஸ்லிங்கின் அளவையும் பாருங்கள். தையல் பிரிந்த ஸ்லிங்கை ஒதுக்குங்கள். அடிச்சட்டத்தை அகல விரித்து, இருவர் சேர்ந்து இயக்குங்கள். அதை அறைக்கு அறை நோயாளியைச் சுமந்துசெல்லும் வண்டியாகப் பயன்படுத்தக்கூடாது.

விழத் தொடங்கினால்

நடக்கும்போது நோயாளி சரியத் தொடங்கினால், பிடித்து நிறுத்த முயலாதீர்கள். கால்களை அகட்டி, பெல்ட்டைப் பிடித்து, அவர் உங்கள் தொடையை ஒட்டிச் சறுக்கித் தரையில் அமரும்படி விடுங்கள். தலை மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தவரை உடனே தூக்கும் உந்துதல் எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நினைவு, கழுத்து வலி, தலைக்காயம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவு இருக்கலாம். வீடாக இருந்தால் அசைக்காமல் 108ஐ அழையுங்கள். காயமில்லை என்று உறுதியானால், ஒருக்களித்து, மண்டியிட்டு, முன்னால் ஒரு நாற்காலியை ஊன்றி அவரே எழட்டும்; பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

பாயில் படுக்க வைத்தால் ஒவ்வொரு முறையும் தரைவரை குனிய வேண்டியிருக்கும். அவர் உட்கார்ந்தால் பாதம் பதியும் உயரமுள்ள கட்டிலே ஏற்றது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் எழுவது கடினம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னோக்கி வழுக்கும். வேறு வழியில்லையென்றால் அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எண்ணெய் தேய்த்த உடலோடு இடம் மாற்றாதீர்கள். துடைத்துவிட்டு, உலர்ந்த உடை அணிவித்த பின்பு மாற்றுங்கள். உங்கள் சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். அவர் வரும் நாளில் நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், நீங்கள் எழுப்பி உட்கார வைப்பதை அவர் முன்னிலையில் செய்துகாட்டித் திருத்தம் கேளுங்கள்.

செவிலியர்களும் பல்நோக்குப் பணியாளர்களும் தங்கள் முதுகுவலியை யாரிடமும் சொல்வதில்லை. நகர்த்தும்போது முதுகில் சுரீரென்று வலித்தால் அன்றே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லி, எழுத்தில் பதிவுசெய்யுங்கள். வலி காலில் இறங்கினாலோ பாதம் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலும், தொடைகளுக்கு இடையே உணர்ச்சி குறைந்தாலும், பணிநேரம் முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.